சூடம் அணைத்த கை

கணேஸ்வரனின் விலாவில் அக்கி வந்தபோது தோட்டத்தில் யாரும் பயப்படவில்லை. அக்கிக்கு இருளாண்டி இருந்தார். முனியாண்டி கோயில் பூசாரி. கை நடுங்கத் தொடங்கும்வரை ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். காவிக்கல்லை உரசிக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றிக் கோழி இறகால் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. அவருடைய பாட்டன் தோட்ட வேலைக்குக் கப்பலேறியபோது கூடவே ஏறி வந்தது அது.

முதுகெலும்பில் தொடங்கித் தொப்புள்வரை, பாதி இடுப்புக்குக் கச்சை கட்டியதுபோல் கொப்புளம். கணேஸ்வரன் குப்புறவும் படுக்க முடியாமல் மல்லாக்கவும் படுக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தான்.

"என்னா தாத்தா, சிங்கம்னுட்டு நாய வரஞ்சி வச்சிருக்கீங்க" என்றாள் அவன் மனைவி பவானேஸ்வரி.

"அக்கி என்னா, ஆயர் குரோ ஸூவுக்குப் போயி சிங்கம் பாத்துட்டா வந்திருக்கு? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் இருளாண்டி.

கணேஸ்வரன் சிரித்தான், சிரிப்பு விலாவை இழுக்க, பல்லைக் கடித்தான். வாசற்படியில் நின்ற அவன் தாய் வேலாயி மட்டும் சிரிக்கவில்லை.

"காவி எழுதுறப்ப பொம்பளைக்கு அங்க என்னா வேல? குளிச்சி எத்தன நாளாச்சு ஒனக்கு?"

வேற்று ஆம்பிளை முன்னால் கேட்கும் கேள்வியா அது. பவானேஸ்வரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அக்கி வாடி உதிர்ந்த பிறகும் வலி போகவில்லை. அது அவளுடைய தீட்டுப் பட்டதால் தங்கிய வலி என்று வேலாயி லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

குருபோங் பக்கத்துத் தோட்டம் அது. பாதியை வீடமைப்புக்கு விற்றாகிவிட்டது. மிச்சப் பாதியில் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்திருந்தது. வேலாயி இந்த வயதிலும் செம்பனையடியில் உதிர்ந்த பழங்களைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டுவாள். மூத்த மகன் தங்கராஜு அங்கேயே மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவன். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தான். கணேஸ்வரன் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை எழும்பியபோது சாரம் கட்டப் போனவன். இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஏணி ஏறுவான். பவானேஸ்வரி கிளேபாங்கில் சாலையோரம் மீன் வறுத்து விற்கிறவரின் மகள். மின்னணுத் தொழிற்சாலை பஸ் தினமும் தோட்டத்து வாசலில் நின்று அவளை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்தான் மாமியாரின் கண்ணில் விழுந்த முதல் தூசி. சீருடையும் உதட்டுச் சாயமுமாகப் பெண்கள் சிரித்துக்கொண்டே போகும் பஸ்ஸில் ஒரு மருமகள் ஏறுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கிலாங்குக்குப் போறவ வூட்டுக்கு ஆவாளா?" என்பாள், தொழிற்சாலையைச் சொல்லி. தாரணி பிறந்து ஆறு வயதாகியும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

அந்த ஆண்டு புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அப்பால் காடு எரிகிறது என்றார்கள். காலையில் கதவைத் திறந்தால் எதிர் வரிசை வீடு தெரியாது. சூரியன் கோழி முட்டையின் கருபோல் மங்கி ஏறியது. தோட்டம் முழுக்க இருமியது. கணேஸ்வரனும் இருமினான். எல்லோரும் இருமும்போது ஒருவனுடைய இருமல் யாருக்குத் தனியாகக் கேட்கும்? அவனுக்குக் கால்சட்டை நழுவியது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் காய்ந்ததுபோல் வெள்ளை படிந்தது. வேலாயி வயிற்றுச் சூடு என்று அகத்திக்கீரையை அவித்துச் சாறு கொடுத்தாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வாயில் வைத்ததும் எரிகிறது என்று கண்ணீர் விட்டான்.

"கொழம்புல மெளகாய அள்ளிக் கொட்டியிருக்கா. வேணும்னே" என்றாள் வேலாயி.

பிறகு மழை வந்தது. புகை கரைந்தது. ஒவ்வொரு வீடாக இருமல் நின்றுபோயிற்று. கணேஸ்வரனுடையது மட்டும் நிற்கவில்லை. வரிசை முழுக்க அமைதியான பிறகுதான் அது எப்படிப்பட்ட இருமல் என்று பவானேஸ்வரிக்குக் கேட்டது. சளியே இல்லாத, ஓட்டைத் தகரத்தைத் தட்டுவதுபோன்ற இருமல். கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தங்கராஜுவின் வேனில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தம் பார்த்து, மறுபடியும் பார்த்து, டாக்டர் பவானேஸ்வரியைத் தனியே அழைத்து நோயின் பெயரைச் சொன்னார். பெயர் புரிந்தது, வேறொன்றும் புரியவில்லை. வார்டில் ஜெயா என்றொரு தமிழ் நர்ஸ் இருந்தாள், மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியது அவள்தான்.

"அக்கா, ஒங்க தோட்டத்துல ஜாகா இருப்பாருல்ல, காவலுக்கு? ஒடம்புக்கும் ஜாகா உண்டு, ரத்தத்துல. எந்தக் கிருமி வந்தாலும் விசில் ஊதி ஆளக் கூப்புடறது அவன்தான். மத்த கிருமியெல்லாம் அவனுக்குத் தெரியாம சொவரேறிக் குதிக்கும். இது அப்படி இல்ல. நேரா ஜாகாவுக்குள்ளயே போயி உக்காந்துக்கும். அவனுக்குள்ளயே குட்டி போட்டு, அவனக் கொன்னுட்டு, அடுத்த ஜாகாகிட்ட போகும்."

"பைப்பு தூக்கிட்டு ஏணி ஏறுன மனுசன். இத்தன நாளும் ஒண்ணும் தெரியலயே."

"தெரியாதுக்கா. புதுசா வந்தப்ப ஒரு வாரம் காய்ச்சல் அடிச்சிருக்கும், சாதாக் காய்ச்சல்னு விட்டிருப்பாரு. அப்பறம் ஒடம்பு தெனமும் புது ஜாகாவ வேலைக்கு எடுத்துக்கிட்டே இருக்கும். இது தெனமும் கொன்னுக்கிட்டே இருக்கும். வெளியிலேருந்து பாத்தா ஆளு நல்லா இருப்பாரு. எட்டு வருசம், பத்து வருசம் அப்படியே ஓடும். ஒரு கட்டத்துல எடுக்குற ஆளு பத்தாமப் போயிடும். அக்கி வந்துச்சுன்னீங்களே, அப்பதான். சின்னதுல அம்மை போட்டிருக்கும்ல, அந்தக் கிருமி தண்டுவடத்துகிட்ட இத்தன வருசம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. ஜாகா கொறஞ்சதும் எந்திரிச்சிக்கிச்சு. அப்பறம் வாயில பூஞ்சணம். இப்ப நுரையீரல். நுரையீரல்ல இருக்கிற இந்தக் கிருமி ஒங்க மூச்சுலயும் போயிட்டு வரும், என் மூச்சுலயும். நம்மள ஒண்ணும் பண்ணாது."

"இன்னும் என்னா வரும்?"

ஜெயா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "காசம் வரலாம். கண்ணு போகலாம். மூளைக்கு ஏறலாம். எல்லாருக்கும் எல்லாமும் வராது. வர்றதுக்கு மருந்து குடுப்போம், ஒண்ணொண்ணா. ஜாகாவ நிக்க வைக்கிற மருந்து இப்பதான் வெளியில வந்திருக்கு. நம்ம கைக்கு வந்து சேரணும்."

"மூளைக்கு ஏறுனா பேச்சு இருக்குமா?"

"அது சொல்ல முடியாது. ஏன்க்கா கேக்குறீங்க?"

பவானேஸ்வரி எழுந்து வார்டுக்குள் போனாள்.

அவன் மூக்கில் குழாயோடு கிடந்தான். இது எப்படி வந்தது என்று கேட்டாள். முதலில் சுவரைப் பார்த்தான். பிறகு சொன்னான். லோரியில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கல்யாணத்துக்கு முன், கூட்டாளிகளோடு சேர்ந்து பவுடர். ஊசியில். எல்லோருக்கும் ஒரே ஊசி.

"அப்பறம் விட்டுட்டேன். சத்தியமா விட்டுட்டேன் பவானி."

"நீங்க விட்டீங்க. அது ஒங்கள விட்டுச்சா?"

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த கஞ்சிக் குவளையை அவன் முகத்தில் எறியாமல் வைத்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

"அண்ணன் சாயங்காலம் வரும். அதுகிட்ட இத இப்படியே சொல்லிடுங்க."

"ஒடம்பு கொஞ்சம் தேறட்டும்."

தங்கராஜு வந்தான். தம்பி நோயின் பெயரைச் சொன்னான். எப்படி வந்தது என்று அண்ணன் கேட்டபோது, "தெரியலண்ணே" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். பயத்தில் பார்த்த பார்வை அது. தங்கராஜு அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான்.

கணேஸ்வரனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பவானேஸ்வரிக்கும் தாரணிக்கும் ரத்தம் பார்த்தார்கள். சில மாதம் விட்டு மறுபடி பார்த்தார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை. கூடவே வாழ்ந்தும் சிலருக்கு ஒட்டாமல் போவதுண்டு என்றாள் ஜெயா. அதைச் சொன்னால் போதும், பேச்சு அடங்கிவிடும் என்று நம்பித்தான் அவள் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"பாத்தியா" என்றாள் வேலாயி, மூத்த மகனைப் பார்த்து. "கொடுத்தவளுக்கு ஒண்ணுமில்ல. வாங்குனவன் கெடக்குறான். விசம் வக்கிறவ தானே எடுத்துக் குடிப்பாளா?"

"அப்படி இல்ல அத்தே. எங்கிட்டேருந்து வந்திருந்தா எனக்கும் இருக்கணும்ல? மிஸ்ஸி சொல்லுச்சு, ரத்தத்துல ஜாகா மாதிரி..."

"ஜாகாவா? வூட்டுக்கு ஜாகா நாந்தான். நான் பழம் பொறுக்கப் போன நேரத்துல கதவத் தொறந்து வுட்டவ யாரு?"

தங்கராஜு எழுந்தான். தீர்ப்புச் சொல்லும்போது எழுந்து நிற்பது அவன் வழக்கம். "இங்க பாரு. அவன் இருக்குற வரைக்கும் நீ இருந்து பாரு. காரியம் முடிஞ்சதும் கிளேபாங் போயிடு. புள்ள இங்க இருக்கும். எங்க ரத்தம்."

"எம்புள்ளய விட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன் மாமா."

"நீ போற எடத்துக்கெல்லாம் பொம்பளப்புள்ள வந்தா வெளங்கிடும் லா."

அன்றிலிருந்து அவளுடைய தட்டும் குவளையும் பின்கட்டில் வாளிக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. நோயாளியின் தட்டு வீட்டுப் பாத்திரத்தோடுதான் இருந்தது. அவன் மிச்சம் வைத்த கஞ்சியை வேலாயி குடித்தாள். தாரணி பாட்டியின் பக்கத்தில் படுத்தாள்.

பவானேஸ்வரிக்கு இனி அவன் வாய் ஒன்றுதான் வழி. அவன் சொல்ல வேண்டும். அண்ணன் காதுபட ஒரே ஒரு தடவை. அதற்குள் வியாதி அந்த வாயை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்குப் போய்வந்து அவனைத் துடைத்தாள், துணி மாற்றினாள், வாய்ப்பூஞ்சணத்துக்கு மருந்துச் சொட்டு விட்டாள், பிறகு வந்து சேர்ந்த காசத்துக்கு மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தாள். பார்த்தவர்கள் பத்தினி என்றிருப்பார்கள். அவளுக்குத் தெரியும், வட்டிக்காரன் வாசலில் உட்காருவதுபோல்தான் அவள் அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கி சொல்லுங்க."

"அம்மா தாங்காது."

"நான் தாங்குவனா?"

"செத்துப் போறவன எதுக்கு வதைக்கிற?"

"செத்துப் போறவரு எதுக்குப் பயப்படறீங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முதுகின் அடியில் புண் கண்டிருந்தது. எத்தனை முறை கழுவிக் கட்டினாலும் ஓரம் கூடவில்லை. ஒவ்வொரு வாரமும் அகன்றது. காசத்துக்கு மருந்து வேலை செய்தால் வயிறு கழிந்தது. வயிறு நின்றால் காய்ச்சல் ஏறியது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசலில் ஆள் நின்றது.

வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்த ஒரு காலையில் அவன் கேட்டான்: "மறுபடியும் பொகை வந்துடுச்சா?"

அவள் சன்னலைப் பார்த்தாள். எதிர் வரிசையில் காயப்போட்ட துணியின் பூக்கள்வரை தெரிந்தன. மாசி பிறப்பதற்குள் இரண்டு கண்ணிலும் அந்தப் புகை நிறைந்துவிட்டது. பேச்சும் குழறத் தொடங்கியது. 'தண்ணி' என்பதற்கு 'தட்டு' என்றான். சில நாள் தாரணியின் பெயர் வரவில்லை.

முனியாண்டிக்குப் படையல் போடும் நாளுக்கு முன் தங்கராஜு வந்து நின்றான். லயத்தில் பேச்சு முற்றிவிட்டது, மண்டோர் வீட்டிலேயே இப்படியா என்று கேட்கிறார்கள் என்றான். "முனியாண்டி முன்னால சூடம் அடிச்சி சத்தியம் பண்ணிடு. ஊரு வாய் அடங்கும்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியம் அது. பொய்யாக அணைத்தவரை முனியாண்டி அந்த ஆண்டுக்குள் எடுத்துக்கொள்ளும் என்று பாலகர் முதல் கணக்கு எழுதும் கிராணி வரை நம்பிய தோட்டம்.

"அடிக்கிறேன்" என்றாள் பவானேஸ்வரி. "அவரும் அடிக்கணும்."

"கண்ணு தெரியாதவன் எப்படிடீ அடிப்பான்?" என்றாள் வேலாயி. குரல் அவ்வளவு சட்டென்று எழுந்ததில் தங்கராஜுவே திரும்பிப் பார்த்தான்.

"சூடு தெரியும்ல" என்றாள் பவானேஸ்வரி.

கோயில் என்பது தகரக் கூரையும், சிமெண்டு மேடையில் நட்ட அரிவாளும், ஒரு பழைய பால்மரமும்தான். சேவல் அறுத்த ரத்தத்தில் ஈ மொய்த்தது. தங்கராஜு தம்பியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தான். ஒரு காலத்தில் குழாய் தூக்கிய உடம்பு. கோழிக்கூடையைத் தூக்கிவருவதுபோல் தூக்கி வந்தான்.

இருளாண்டி வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். பவானேஸ்வரி முன்னால் வந்தாள். "எம்புருசனத் தவிர வேற ஆம்பளைய நான் அறிஞ்சதில்ல. இந்த நோவு என்னால வரல." படாரென்று அடித்தாள். சுடர் போயிற்று. உள்ளங்கையில் கரிதான் ஒட்டியிருந்தது. கூட்டத்துப் பெண்கள் சிலர் 'ச்ச்' கொட்டினார்கள்.

"தம்பி, இப்ப நீ" என்றான் தங்கராஜு. "நீ ஒரு தப்பும் பண்ணலன்னு சொல்லி அடி. அவ்வளவுதான்."

பூசாரி புதிய சூடக்கட்டியை வைத்தார். இந்தத் தடவை கொஞ்சம் பெரியது. கொளுந்து மேலெழும்பி ஆடியது. பவானேஸ்வரி அவன் காதருகே குனிந்தாள்.

"சொல்லிடுங்க. ஊசின்னு ஒரு வார்த்த. புள்ளய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

அவன் உதடு அசைந்தது. கை எழுந்து காற்றில் துழாவி, வெப்பத்தைக் கண்டுபிடித்து, அதன் மேலே நின்றது. அந்தக் கையைத் தோட்டம் முழுக்கப் பார்த்தது.

"நான்... ஒரு தப்பும்..." என்றான் கணேஸ்வரன். "பண்ண..."

அவன் அந்தப் பொய்யைத்தான் சொல்லப் போகிறான். அவளைப் பலி கொடுத்துவிட்டுத்தான் சாகப் போகிறான். பவானேஸ்வரி நிமிர்ந்தாள். கை இறங்கத் தொடங்கியது.

அதற்குள் இன்னொரு கை குறுக்கே விழுந்தது. வேலாயி மகன் கையைத் தட்டிவிட்டு, தன் உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அடிக்கவில்லை, அழுத்தினாள். சூடம் உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டு விரலிடுக்கில் எரிந்தது. அது அணையும்வரை எடுக்கவில்லை.

இருளாண்டிதான் கேட்டார். "வேலாயி. அணைச்சவங்க சத்தியம்தானே அது. நீ எதுக்கு சத்தியம் பண்ணுன?"

"அவன் அடிக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"பொய்ச் சத்தியம் பண்ணா முனியாண்டி வுடாது." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

தங்கராஜு தாயைப் பார்த்தான். "என்னா பொய்யி? ஒனக்கு என்னாம்மா தெரியும்?"

அவள் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"லோரிக்குப் போயிக்கிட்டு இருந்தான்ல. ரப்பர்ப் பால் புடிக்கிற மங்கு அடுக்கி வச்சிருந்த எடத்துல ஊசியப் பாத்தேன். ரத்தத்தோட. எடுத்துப் பொதச்சிட்டேன். கல்யாணம் பண்ணி வச்சா திருந்திடுவான்னு அந்த வருசமே பொண்ணு பாத்தேன்."

அந்த வருசம் பார்த்த பெண் பவானேஸ்வரி.

"டவுனுப் புள்ள, கெட்டிக்காரி, இழுத்துப் புடிச்சிக்குவான்னு நெனச்சேன்" என்றாள் வேலாயி. பிறகு தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தாள். "எங்க புடிச்ச நீ?"

கூட்டம் கலைந்தது. அன்றைய படையல் சோற்றை யாரும் அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. தங்கராஜு மறுபடி எழுந்து நின்று தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தாரணியின் பாயைத் தானே எடுத்துவந்து பவானேஸ்வரியின் அறையில் போட்டுவிட்டுப் போனான்.

கணேஸ்வரன் அதன் பிறகு பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா என்று அவள் கேட்கவும் இல்லை. சித்திரையில் இறந்தான். குளிப்பாட்டத் திருப்பியபோது முதுகுப் புண் தேங்காய் மூடி அளவுக்கு வாய் திறந்திருந்தது.

வேலாயியின் கை வேறு மாதிரி. முதலில் கொப்புளம் எழுந்தது. நீர் கட்டியது. பிறகு வற்றி, தோல் கருத்து, ஓரத்திலிருந்து உரியத் தொடங்கியது. மருந்து எதுவும் அவள் போடவில்லை. அந்தக் கையோடுதான் செம்பனையடிக்குப் போய் முள்ளும் மண்ணுமாகப் பழம் பொறுக்கினாள். கட்டிலில் மகனின் புண் அகன்றுகொண்டிருந்த அதே நாட்களில் கூடத்தில் தாயின் புண் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் பவானேஸ்வரி தினமும் பார்த்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டினாள். கிளேபாங் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேலாயி படியில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

"மெளகாய அள்ளிக் கொட்டாம புள்ளைக்கு ஆக்கிப் போடு" என்றாள், சடையைப் பார்த்தபடியே.

ரிப்பனை முடிச்சுப் போட அந்தக் கை விரிந்தது. கரி இல்லை, தழும்புகூட இல்லை. எழுபது வயதுக் கையில் புதுத் தோல், குழந்தையின் உள்ளங்கைபோல் வெளிறிய சிவப்பில். உள்ளே விசில் ஊதியிருக்கிறான் ஒரு ஜாகா. ஆட்கள் ஓடி வந்து, கேள்வி கேட்காமல், யார் கை என்று பாராமல், கூட்டித் தைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பவானேஸ்வரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்து இழுத்தபடி நடந்தாள். நடந்ததில் எதை மறந்தாலும், அந்தக் கை ஆறியதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.